மாதம்மாவோடு உட்கார்ந்தவள்

மைசூர்,
27.12.1996

அன்பு மகள் ரெஜினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மார்கழிப் பனியும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கிரணும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இந்த வருஷம் பனி அதிகம். காலையில் பால்காரரின் சைக்கிள் மணி முதலில் வருகிறது, அவர் பிறகுதான் வருகிறார், கோயில் கோபுரம் பாதிக்கு மேல் கரைந்துபோய் நிற்கிறது, பூசைக்குப் போவது தூக்கத்தில் நடப்பது போல இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, உனக்காக அச்சுமுறுக்கு சுட்டு டின்னில் அடைத்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகிறவர் யாராவது உண்டா என்று தெருவெல்லாம் விசாரிக்கிறாள்.

கிறிஸ்துமஸ் என்றால் கிரண் பொம்மைக் கார் மட்டும்தான் கேட்கிறான், இரக்கத்தை அவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியும் எனக்கே அது இப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. வழக்கம்போல இந்தத் தடவையும், நல்ல காரியம் ஒன்று செய்தால் கோயில் குடிலில் பாலன் இயேசுவின் தொட்டிலில் ஒரு வைக்கோல் போடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவ்வளவுதான், போட்டி கிளம்பிவிட்டது. கோயில் வாசலில் பூ விற்கிற மாதம்மாவைத் தெரியுமல்லவா, ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், இப்போது பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. பிள்ளைகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் கூடையைத் தூக்குகிறான், ஒருத்தன் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட இழுக்கிறான், ஒருத்தி வாயில் மிட்டாய் திணிக்கிறாள். ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, நானென்ன உங்க பண்டிகைக்கு வெச்ச பொம்மைங்களா? நாளையிலிருந்து மார்க்கெட்டுப் பக்கமே போயிக்கறனுங்க" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மன்னிப்புக் கேட்கலாமென்று போனேன், நல்லவேளை அங்கேயேதான் இருந்தாள். பனிக்குள் தெருவிளக்கு மங்கலாக எரிய, சாக்கில் அவளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது தையற்கார அந்தோணியின் மகள் பிலோமி. வெள்ளைச் செவந்தி, மஞ்சள் செவந்தி என்று சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுக்கிறாள், மாதம்மா கட்டிக்கொண்டே தன் ஊர் மலைச்சாமி மாதேஸ்வரன் புலிமேல் ஏறிப் போன கதை சொல்கிறாள், பதிலுக்கு இவள் வால்நட்சத்திரம் வழிகாட்டிய கதை சொல்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் அவ்வா, அவ்வா என்று இந்தப் பாட்டியிடம் தினமும் வருவாளாம். வகுப்பில் ஒரு வைக்கோல்கூடப் போடாத பெண் அவள். ஏனம்மா போடவில்லை என்று கேட்டேன். "இது நல்ல காரியமா சார்? எனக்கு அவ்வா கூட உக்காந்திருக்கப் புடிக்கும், அவ்ளோதான்" என்றாள். மாதம்மாவும், "ஒத்தாசைக்கு வரலீங்க, கதைக்குத்தான் வருது இந்தக் களுதை" என்று சிரித்தாள். அந்த நேரம் அந்தச் சாக்கு, அந்தப் பூ வாசம், பனி எல்லாம் சேர்ந்து எனக்குப் பெத்லகேம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஞாயிறன்று பிள்ளைகளிடம் பிலோமியின் பேரைச் சொல்லாமல் ஒன்றே ஒன்று சொன்னேன். ஆண்டவர் மேலே இருந்தபடியே நமக்கு எதையாவது கொடுத்தனுப்பியிருக்கலாம், அப்படிச் செய்யாமல் இறங்கி வந்து நம் குளிரில் நம்மோடு உட்கார்ந்தார், அதுதான் கிறிஸ்துமஸ் என்றேன். அதற்குப் பிறகு யாரும் மாதம்மாவை இழுக்கவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். யாவாரம் கெடுது போங்க என்று விரட்டினாள், மார்க்கெட்டுக்கு மட்டும் போகவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்ததும் மாதம்மா தானாகவே குடிலைப் பார்க்க உள்ளே வந்தாள். வெளிச்சம் போதாததால் தடவித்தான் பார்த்தாள், பாலனின் கால் கையில் பட்டதும் திடுக்கிட்டு, "ஐயோ சாமி, கொளந்தைக்கு ஒடம்பெல்லாம் சில்லுனு இருக்குது, ஒரு துணி போத்தக் கூடாதுங்களா?" என்றாள். யாரும் பதில் சொல்வதற்குள் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்திவிட்டாள். அது இன்னும் அப்படியே இருக்கிறது, எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கிரணுக்குப் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம் அம்மா, உங்கள் கட்டடத்துக் காவலாளி பக்கத்தில் அவனைக் கொஞ்ச நேரம் உட்காரவை. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, இரவு ட்யூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. பாலன் இயேசு உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. அம்மாவின் முத்தங்கள்.

உன் அன்பு அப்பா,
சவரிராயன்