ஆறுதல் சொல்லப் போனவள்

ஜூலை 7, ஞாயிறு
பூசையில் பாதர் பிரசங்கம்: துயரப்படுகிறவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு ராஜாம்பாளின் கணவர் தெய்வசிகாமணி மாரடைப்பில் போய் இரண்டு மாதம். கேக் செய்து எடுத்துப் போனேன்.
"எல்லாம் ஆண்டவர் சித்தம்மா. நல்லவங்கள அவரு சீக்கிரமா கூப்டுக்குவாரு."
"அப்போ மிச்சம் இருக்கிற நாமல்லாம் கெட்டவங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.
கேக் மட்டும் நன்றாக வந்திருந்தது.

ஜூலை 8
ஐம்பத்தெட்டு வயதாகிறது. இந்த வாய்க்கு ஏன் இவ்வளவு அவசரம்?

ஜூலை 10, புதன்
மன்னிப்புக் கேட்கப் போனேன். உள்ளே கூப்பிட்டாள்! முதலியார்பேட்டையில் ஒரு பள்ளியில் அவள் கிளார்க். லீவு 21ஆம் தேதியோடு முடிகிறது. அதற்கு மேல் போகாவிட்டால் வேலை இல்லை.
"பஸ்ல போலாமே?"
"பஸ்ஸு பூரா தெரிஞ்சவங்கக்கா. எப்படி ஆச்சு, எப்போ ஆச்சுன்னு கேப்பாங்க. தெனமும் அவரு செத்தத சொல்லிக்கிட்டே போவணுமா? இருவது வருஷமா அவரு வண்டியிலதான் போனேன்."
(நானும் அப்படி வாயை விட்டவள்தானே.)
வாசலில் ஸ்கூட்டர், மேலே பெட்ஷீட் போர்த்தியிருந்தது.
"ஓட்டக் கத்துக்கிறியா? நான் சொல்லித் தர்றேன்." - திரும்பவும் அதே வாய். இந்த முறை அவள் கதவைச் சாத்தவில்லை.

ஜூலை 12, வெள்ளி
எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. காலை ஆறு மணி, உப்பளம் மைதானம். நான் "பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்துகிறேன், அவள் ஆக்சிலேட்டரை முறுக்குகிறாள். மோன் தியே, என் ஆண்டவரே! பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதவே சிரிப்பு வருகிறது.

ஜூலை 13
கோயில் தோழி சபின் போன் செய்தாள். "என்ன ஜிஸ்லேன், ஜெபக் கூட்டத்துக்கு ஆளையே காணோம்?"
"முட்டி மடங்கல சபின்." பொய் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்
விழுந்துவிட்டாள். முழங்காலில் லேசான சிராய்ப்புதான். ஆனால் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள் - இரண்டு மாதத்து அழுகை. "வுழுந்தா தூக்கறதுக்கு அவரு இல்லியேக்கா…"
நாக்கு நுனியில் மூன்று ஆறுதல்கள் தயாராக இருந்தன. விழுங்கினேன். நானும் மண்ணில் உட்கார்ந்தேன். நடைப்பயிற்சிக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "எழுந்திரிங்கக்கா, எறும்பு கடிக்கிது."
ஆண்டவரே, நான் இன்று ஒன்றுமே செய்யவில்லை. சரிதானே?

ஜூலை 19
மைதானத்தில் வண்டியை வளைத்து எட்டு போட்டாள். கொஞ்சம் கோணல் எட்டு.

ஜூலை 22, திங்கள்
எட்டரைக்குக் கிளம்பினாள். நான் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். பள்ளி வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். "நாளையிலேருந்து பின்னால வராதீங்கக்கா. நீங்க வர்ற வேகத்த பாத்தா பயமா இருக்கு."
வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்
பின் தெரு கனீஸ் பாத்திமாவின் அம்மா போன வாரம் இறந்துபோனார். சாயங்காலம் ராஜாம்பாள் வேலையிலிருந்து வந்ததும், "அந்தப் பொண்ண ஒரு நட போயி பாக்கலாமா?" என்றேன்.
"நான் நேத்தே போயிட்டு வந்துட்டேன்க்கா."
"என்ன சொன்ன?"
"ஒண்ணும் சொல்லல. ஒரு பக்கெட்டு துணி ஊறிக்கிட்டே கெடந்துச்சி. தொவச்சி காயப்போட்டுட்டு வந்தேன்."
சேர்ந்தே போனோம். கொடியில் துணி காய்ந்திருந்தது. நான் மடித்து வைத்தேன்.