எது வரைக்கும் பாத்தீங்க?

இன்று காலை ஆபீஸில் என் திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்தது. அதில் "உள்ள வரலாமா?" என்று எழுதியிருந்தது. உன் பெட்டிதான். உலகத்தில் வேறு யாரும் அந்த வார்த்தையை வைத்துச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்ரீரங்கம் லாட்ஜுகளில் அறை பதிவு செய்யும் அந்தத் தளம் உனக்கு நினைவிருக்கும். அதைப் புதிதாக எழுதுகிறார்கள். பழைய பதிவுகளை அப்படியே அள்ளிப் புதியதில் போட்டிருக்கிறார்கள். விருந்தினர் கருத்து எழுதும் கட்டத்தில் நீ கருத்துக்குப் பதிலாக ஒரு குட்டி நிரலை எழுதி வைப்பாயே, அதுவும் கூடவே வந்துவிட்டது. பக்கம் ஏமாந்துபோய் அந்த நிரலை ஓடவிட்டால் இந்தப் பெட்டி வரும், கதவு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். அன்று நீ சொன்ன பிறகு அடைத்துவிட்டார்கள், நீ எழுதியது வெறும் எழுத்தாகச் சுருண்டு படுத்துவிட்டது. புதுப் பக்கம் எழுதியவர் அந்தத் தடுப்பைப் போட மறந்திருக்கிறார். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னமும் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாய்.

பெட்டியை மூட எனக்குக் கை வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர், "என்னங்க, ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு மூடினேன், குறையை எழுதி அனுப்பினேன், மதியத்துக்குள் சரி செய்துவிட்டார்கள். உன் பதிவையும் அழித்துவிட்டார்கள். அழிக்கச் சொன்னதும் நான்தான், வேலை என்றால் வேலை.

நாம் இருவரும் ஒரே நாளில் திருச்சி தில்லைநகர் ஆபீஸில் சேர்ந்தோம். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை தேடுவதுதான் வேலை என்று வீட்டில் சொன்னபோது எங்கள் அம்மா, "இதுக்குச் சம்பளம் வேறயா? உங்க அத்தை சும்மாவே செய்வாளே" என்றார். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வருவாய், நான் பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டியில். என் டப்பாவில் மீன் இருக்கும் நாட்களில் நீ புளியோதரையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவாய். "கோவமெல்லாம் இல்லடி, மூக்குக்குத்தான் பழகல" என்பாய். நான் வேண்டுமென்றே டப்பாவை இன்னும் கொஞ்சம் திறந்து வைப்பேன்.

நிரல் எழுதியவர்கள் வந்து, "எல்லாம் செக் பண்ணிட்டோம் மேடம், பக்காவா இருக்கு" என்பார்கள். நீ தலையைத் தூக்காமல், "எது வரைக்கும் பாத்தீங்க?" என்று கேட்பாய். அதட்டலே இருக்காது, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்பாய். அவர்கள் முகம் தொங்கிப்போகும். லாகின் வரைக்கும் பார்த்தோம், பணம் கட்டும் பக்கம் பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். முதுகுக்குப் பின்னால் உனக்கு 'எதுவரை மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டது யார் என்று நீ கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. நான்தான்.

உன் அறிக்கையில் 'பாதுகாப்பானது' என்ற சொல் ஒருநாளும் இருந்ததில்லை. 'நான் பார்த்த இடங்களில் குறை தெரியவில்லை' என்றுதான் இருக்கும், அதன் கீழே நீ பார்க்காத இடங்களும் இருக்கும். மேனேஜருக்கு அது தலைவலி. "பாக்காததை எதுக்குங்க எழுதறீங்க, கஸ்டமர் பயந்துடுவாங்க" என்பார். "தெரிஞ்சு பயப்படட்டும் சார்" என்பாய்.

அந்த லாட்ஜ் தளத்தை வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் திறந்தே ஆகவேண்டும் என்று மேனேஜர் பிடிவாதமாக நின்றார். தானாகச் சோதிக்கும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் பச்சை காட்டிவிட்டது. நீ திரையின் மேலே இணைய முகவரியில் இருந்த பதிவு எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்த்தாய். வேறு யாரோ ஒரு விருந்தாளியின் ஆதார் நகல், வீட்டு முகவரியோடு வந்து நின்றது. எழுதியவர் கடுப்பாகி, "யாருங்க போய் நம்பரை மாத்திப் பாக்கப்போறாங்க?" என்றார். "நான் மாத்தினேனே" என்றாய். மேனேஜர் குரல் உயர்ந்தது. பச்சைதானே இருக்கிறது என்றார். "தேடின இடத்துல இல்லேன்னுதான் சார் பச்சைக்கு அர்த்தம். எங்க ஊரை நம்பி வர்றவாளோட அட்ரஸ் இது. என்னால ஓகே போட முடியாது."

உன் காதுக்குள் நான், "ஒரு ஓகேதானே, போட்டுத் தொலையேன்டி" என்றேன். நீ முறைத்த முறைப்பில் என் மேசைக்கு நழுவிவிட்டேன். தளம் தாமதமாகத்தான் திறந்தது. மேனேஜர் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு உனக்கு முதுகு வலி வந்தது. நாள் முழுக்க நாற்காலி, எல்லோருக்கும் வருவதுதான் என்றோம். நான் நாற்காலிக்கு ஒரு தலையணை வாங்கிக் கொடுத்தேன். வலி விடாததால் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு டாக்டரிடம் போனோம். முதுகைப் படம் எடுத்தார்கள். அவர் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மலா இருக்குங்க" என்றார். உன் முகத்தில் ஒரு வெளிச்சம். என் முகத்திலும் இருந்திருக்கும். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அரை நாள் லீவு மிச்சமிருந்தது. என் ஸ்கூட்டியில் முக்கொம்புக்குப் போனோம். நான் வறுத்த மீன் வாங்கினேன், நீ மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய். ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஸ்கேன் கவரை விசிறியாக்கி வீசிக்கொண்டாய். எனக்கும் சேர்த்து வீசினாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் ஆபீஸில் பார்த்ததே இல்லை.

நம் பிழைப்பே அந்த ஒரு கேள்வியில்தான் ஓடியது. எந்த நிரலையும், எந்த ஆளையும் கேட்காமல் விட்டதில்லை. அன்று டாக்டர் அறையில் நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டர்மேல் குற்றமில்லை. முதுகைக் காட்டினோம், முதுகைப் பார்த்தார். முதுகில் குறை இல்லைதான். குறை கணையத்தில் இருந்தது. வலி மட்டும்தான் முதுகுக்கு வந்திருந்தது. அது தெரியவந்தபோது மழைக்காலமும் முடிந்து, நோய் உடம்பெல்லாம் பரவியிருந்தது.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் நீ கேலியாகத்தான் பேசினாய். "நான் கேட்டுட்டு வருவேன், இது கேக்காமயே உள்ள வந்துடுத்து பாரு" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள், உன் அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"ஸ்டெல்லா, அன்னிக்கு நாம ஏன்டி கேக்கல?"

நான் எரிந்து விழுந்தேன். "இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? சும்மா படு." நீ கையை எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அப்போது என்னிடம் கோபம்தான் இருந்தது. பதில் இப்போதுதான் தெரிகிறது. நார்மல் என்ற அந்த வார்த்தை நமக்குப் பிடித்திருந்தது. அது உண்மையாக இருக்கவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டோம். 'பக்காவா இருக்கு' என்று வந்து நிற்பவர்களை நாம் சோம்பேறிகள் என்று திட்டுவோமே, அவர்களும் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவர்கள்தான். இதை உன்னிடம் சொல்லி, "சரிதான்டி" என்று நீ ஒருமுறை ஒத்துக்கொள்வதைக் கேட்டிருக்கலாம். அந்த வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன்.

நீ போன பிறகு காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பியதும் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா ரொம்ப இளைத்துப்போயிருந்தார். ராத்திரியில் தூங்குவதே இல்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வாசலிலேயே உன் அண்ணா சொன்னார். மாமி எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீ கூடவே இருந்தவ. பெருமாள் மேல பாரத்தைப் போட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், மனசு கேக்கல. முன்னாடியே பாத்திருந்தா பொழைச்சிருப்பாளோடீம்மா? ஏதாவது விட்டுப்போச்சா?"

உன் அறிக்கை மாதிரி பதில் சொல்ல எனக்குத் தெரியும். பார்த்தது இது, பார்க்காதது இது என்று. முன்னாடியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதையாவது சொல்லியிருக்கலாம். வாய் வேறு மாதிரி திறந்தது.

"எல்லாம் பாத்தோம் மாமி. ஒண்ணும் விட்டுப்போகல."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் பாத்தா எப்படி விட்டுப்போகும்? அதான் உங்க வேலையாச்சே" என்றார்.

நீ இருந்தால் முறைத்திருப்பாய், இந்த முறை நான் நழுவியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் பாலம் தாண்டி உன் வீட்டுக்குப் போகிறேன். மாமி காபி கொடுத்துவிட்டு அதையே கேட்கிறார், நானும் அதையே சொல்கிறேன். இப்போதெல்லாம் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறாராம்.