தண்ணீர் சுமந்த பூதியார்க்கு வேங்கைநகர் அரசி விடுத்த ஓலை

மழை தவறாது பெய்க. ஊற்றுகள் வற்றாதிருக்க. சுமப்போர் தோள் நோவாதிருக்க.

வேங்கைக்குன்ற நாட்டுக்கும் அதன் பள்ளத்தாக்கு ஊர்கள் அனைத்துக்கும் உரியவளாய், மலைமேல் வேங்கைநகரில் வீற்றிருக்கும் குன்றமாதேவியாகிய நாம், அடிவாரத்து ஊற்றுத்துறையில் வாழும் தண்ணீர் சுமப்போர் தலைவி, சாத்தன் மகள் பூதியார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம்மவர்க்கும் உமது கன்றுகாலிகளுக்கும் நலமே விளைக.

அரச ஓலையில் நன்றி முதலில் வருவது வழக்கமன்று. ஆயினும் நெஞ்சில் நிறைந்திருப்பதை ஒளித்துவைத்து எழுத நமக்கு வரவில்லை. நீவிர் செய்த உதவிக்கு நன்றி, மிக மிக நன்றி.

நிகழ்ந்ததை நாட்டார் அனைவரும் அறியுமாறு இங்கே எழுதுகிறோம். பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காய்ச்சல் பரவிப் பிள்ளைகள் மடிந்துகொண்டிருக்க, ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பாராத வடகரை மருத்துவரையும் தென்கரை மருத்துவரையும் வருந்தி அழைத்து, ஒரே பந்தலில் பேரவை கூட்டினோம். பேரவைப் பணிகளுக்குக் கூலியாட்கள் வேண்டுமா, தொண்டர் வேண்டுமா என்று அமைச்சர் அழிசியாரை வினவினோம். கூலிக்கு வருவோரின் கை மட்டுமே வரும், தொண்டர்க்கு மனமும் உடன் வரும் என்று அவர் அழகாகச் சொன்னார். அழகில் மயங்கி நாமும் தலையசைத்தோம். அன்றே, வழக்கமாகக் கூலிக்குத் தண்ணீர் சுமந்து வரும் உம்மவர் மலைப்படி ஏற வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டனர்.

நம் நாட்டில் தொண்டுக்கு வருவோர் கையில் மஞ்சள் நூல் கட்டிக்கொள்வர். அந்நூல் கட்டியவரை ஏவலாகாது, விரும்பிய பணியை அவரே எடுத்துக்கொள்வார் என்பது முன்னோர் வழக்கு. அவ்வழக்கின்படி ஊரே திரண்டு வந்தது. வந்து பன்னீர்ச் செம்புகளைப் பிடித்துக்கொண்டது. மாலை சூட்டப் பெருங்கூட்டம், சந்தனம் பூச அதனினும் பெருங்கூட்டம். விசிறுவோர் மிகுந்து, வீசிய காற்றில் வாழையிலைகள் பறந்தன. அடிவாரத்து ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சுமந்து வர மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அமைச்சரோ மஞ்சள் நூலைக் கண்டு எவரையும் ஏவ அஞ்சி ஒதுங்கி நின்றார். வடகரை மூத்த மருத்துவர் தாகம் என்றார். அவர்மேல் மறுபடியும் பன்னீர் தெளித்தனர். அவர் மேலாடையை உதறி எழுந்தார். தாம் பிந்திவிடலாகாதென்று தென்கரையாரும் எழுந்தனர். பேரவை கலைந்தது என்றே நாம் எண்ணினோம்.

அவ்வேளையில்தான் நீவிர் வந்தீர். மதியமாகியும் குன்றின்மேல் அடுப்புப் புகை எழாததைக் கீழிருந்து கண்டு, அழையாமலே உம்மவரைக் கூட்டிக்கொண்டு குடங்களோடு படியேறினீர். கூலி பேசுவதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம், முதலில் வழியை விடுக என்று நீவிர் கூறியதாக வாயிற்காவலனே நம்மிடம் உரைத்தான். முதற்குடத்தை வடகரை மூத்தவர்க்குக் கொடுத்தீர். அவர் குடித்த மிச்சத்தைத் தென்கரை மூத்தவர் நாவறட்சி தாளாமல் வாங்கிக் குடித்தார். நம் அரண்மனையின் ஆலோசனைகள் எல்லாம் சேர்ந்தும் அவ்விருவரையும் ஒரு குடத்தில் குடிக்க வைத்திருக்க முடியாது. இருவரும் மீண்டும் அமர்ந்தனர். சண்டையிட்டுச் சண்டையிட்டு, முடிவில் ஒரே கஷாயத்துக்கு ஒப்பினர். அது பள்ளத்தாக்குக்குச் சென்று, காய்ச்சல் தணிந்து, பிள்ளைகள் கஞ்சி கேட்டு அழுகின்றனர் என்று செய்தி வந்திருக்கிறது. அதைக் கேட்டு நாமும் அழுதோம்.

பின்னர் அமைச்சர் உமக்குப் பட்டுப் போர்த்தி, மஞ்சள் நூல் கட்டி, தொண்டருள் தலையாயவர் என்று வாழ்த்த வந்தபோது, நீவிர் கையை இழுத்துக்கொண்டீர். தொண்டு செய்ய உமக்கு வசதியில்லை என்றும், உமது வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்றும், வழக்கமான கூலி குறையாமலும் மிகாமலும் வந்தால் போதும் என்றும் கூறினீர். அமைச்சர் முகம் சுருங்கியது. நமக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆகவே நாம் இடும் ஆணை: வரும் தை மாதம் மீண்டும் கூடவிருக்கும் மருத்துவர் பேரவையில் தண்ணீர், அடுப்பு, துப்புரவு ஆகியவற்றுக்குக் கூலியாட்களே அமர்த்தப்படுவர், கூலியும் முன்னதாகவே தரப்படும். தொண்டரையும் தள்ளிவிடவில்லை, அன்பால் வருவோரை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் நூல் கட்டியோரை ஏவலாகாது என்ற வழக்கு இன்றோடு ஒழிந்தது. பந்தலின் மேற்பார்வை உம்முடையது. யார் எப்பணி செய்வது என்று நீவிரே சொல்வீர். சொன்னதை அமைச்சரும் செய்வார்.

கூலிக்காரி சொல்லப் பெருங்குடியினர் கேட்பதா என்று ஊரில் சிலர் முணுமுணுப்பதாகக் கேள்வி. அவர்கள் அறியுமாறு மஞ்சள் நூலை முதலில் நாமே கட்டிக்கொண்டோம். தை முதல்நாள் காலையில் பந்தல் வாயிலில் வந்து நிற்போம். சுமை தூக்கி நமக்குப் பழக்கமில்லை. அதைக் கருதி இரங்க வேண்டாம். எந்தப் பணிக்கு ஆள் குறைகிறதோ, அதற்கு நம்மை ஏவுக.

வேங்கைப்பூ முத்திரை இட்டோம். நம்மை ஏவ மறுத்தால் அரசாணை மீறிய குற்றம் உம்மைச் சேரும்.