ஏற்கெனவே திறந்திருந்த மெயில்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? கிரேனில் உட்காரும்போது அந்தத் திண்டை முதுகுக்கு வைத்துக்கொள்கிறீர்களா, இல்லை மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்று அறையிலேயே போட்டுவிட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே மேட்டில் உங்களைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். நான் எதைக் கேட்டாலும் "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்கிறீர்கள். அந்த அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை. லாரி அண்ணன் உங்கள் சைட்டுக்குக் கம்பி ஏற்றிக்கொண்டு நாளை கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

வீட்டு விஷயம் முதலில். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தாகிவிட்டது, எழுந்து நடக்கிறாள், எல்லாரையும் திட்டுகிறாள், அதாவது குணமாகிவிட்டாள். பல் லேபில் வேலை குவிந்து கிடக்கிறது. ஒரு பெரியவர் அவருக்குச் செய்த பல்செட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, சிரித்தால் தன் தம்பி மாதிரி இருக்கிறது, தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை, மாற்றிக் கொடு என்று நிற்கிறார். டாக்டரம்மா என்னைப் பார்க்கிறார், நான் மெழுகைப் பார்க்கிறேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நாம் புது மெயில் ஆப் போட்டாக வேண்டும். கல்யாணமானதிலிருந்து நம் இருவருக்கும் ஒரே மெயில் முகவரிதான். "நமக்குள்ள என்ன தனித்தனியா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் இனி ஆளுக்கொரு முகவரி வேண்டும் என்று தத்து அலுவலகத்து அம்மா சொல்லிவிட்டார்.

ஆமாம், அவர் பேசினார். போன வாரம் லேபுக்கே போன் வந்தது. கையில் பல்லுக்கு எடுத்த மாவு அச்சு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன். "என்னம்மா, மெயில் போட்டு எவ்வளவு நாளாச்சு, ஒரு பதிலும் காணோமே, வேண்டாம்னா சொல்லிடுங்க, அடுத்த குடும்பத்துக்குக் காட்டணும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாய் என்னைக் கேட்காமலே, "பார்த்தோம் மேடம், ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டது. என் கையிலிருந்த அச்சு உடைந்துவிட்டது. இந்த மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார். கணவன் மனைவி இருவரும் தனித்தனி முகவரியிலிருந்து தனித்தனியாகச் சம்மதம் எழுத வேண்டுமாம்.

வீட்டுக்கு ஓடிவந்து தேடினேன். வந்த மெயில்களில் அது இல்லை. கடைசியில், பழையதை ஒதுக்கிப் போடுகிற ஆர்க்கைவில் இருந்தது. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும் அல்லவா, இது தடித்த எழுத்தில் இல்லை. யாரோ ஏற்கெனவே திறந்திருந்தார்கள்.

நம் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அந்த மெயில் வந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருந்தேன். என் போன் திரை உடைந்து கடையில் கிடந்தது. கம்ப்யூட்டர் பிளக்கை இடிக்குப் பயந்து நானே பிடுங்கி வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இந்த ஆப்தான் ஏதோ கோளாறு செய்திருக்கிறது, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று போடலாம் என்று போன் கடைக்காரியிடம் போனேன். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யாரும் தொடாமல் மெயிலைத் தானே படித்ததாகக் காட்டுகிற ஆப் எது? அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எல்லாரும் வேகமானது எது, இடம் அடைக்காதது எது என்று கேட்பார்களாம்.

அதன் பிறகு நான் செய்த கூத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். லேப் கம்ப்யூட்டரிலிருந்து எனக்கு நானே மெயில் போட்டுக்கொண்டேன். சௌக்கியமா என்று நானே கேட்டு, சௌக்கியமில்லை என்று நானே பதில் போட்டேன். போனை லேப் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கினேன், துணி துவைத்தேன், பஸ்ஸில் நெரிசலில் நின்றேன். ஒரு மெயிலும் தானாகத் திறக்கவில்லை. அடுத்ததாகப் போட்ட ஆப் மகா கெட்டிக்கார ஆப், எது முக்கியம் என்று அதுவே பிரித்து வைக்குமாம். டாக்டரம்மாவின் மெயிலைச் செருப்பு விளம்பரத்தோடு சேர்த்து வைத்தது. அதுகூடப் படித்ததாகக் காட்டவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒன்று போட்டேன். அதில் பக்கத்துக் கட்டத்தில் மெயில் சும்மா தெரிந்தாலே போதும், படித்ததாக மாறிவிடுகிறது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! பிறகுதான் பிளக் பிடுங்கிக் கிடந்தது நினைவு வந்தது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. அதில் விரலை ஒரு பக்கம் இழுத்தால் மெயில் ஆர்க்கைவுக்குப் போய்விடுகிறது, படித்ததாகவும் ஆகிவிடுகிறது. நீங்கள் கையுறையைக் கழற்றாமல் போனை எடுக்கிறவர். சரி, அப்படித்தான் நடந்திருக்கும், இவர் பார்க்கவே இல்லை என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அந்த மெயிலில் நட்சத்திரம் போட்டிருக்கிறது.

நான் அதை முதல் நாளே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் இத்தனை ஆப்பையும் போட்டுப் பார்த்தேன். மெயிலைத் திறந்து, இது முக்கியம் என்று நட்சத்திரத்தைத் தொட்டு, பிறகு என் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்க எந்தச் சட்டைப் பைக்குத் தெரியும்? கடைக்காரியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் பதில் சொல்லிவிடுவாளே.

எனக்குக் கோபம் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஞாயிறு ஞாயிறு பேசினீர்களே, மழை பெய்கிறதா, கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்களே, இதை வயிற்றில் வைத்துக்கொண்டா கேட்டீர்கள்? உங்கள் சட்டைகளை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டேன். பிறகு நானே மடித்து வைத்தேன். யாரிடம் போய்ச் சொல்வேன்? அக்காவிடம் சொன்னால் உங்களைத் திட்டுவாள், அதை என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது.

ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு தடவை அந்தச் சின்ன அறைக்கு நீங்கள்தான் மஞ்சள் வண்ணம் அடித்தீர்கள். இரண்டு தடவையும் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வருவதற்குள் திரும்ப வெள்ளை அடித்து வைத்தீர்கள். அடுத்த மாதமே தூரத்து வேலை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். தத்து மனுவில் கையெழுத்துப் போடும்போதும் உங்கள் கை என்னைத் திருப்திப்படுத்தத்தான் போட்டது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் மெயிலில் வந்திருக்கிற இவள் ஏற்கெனவே பிறந்துவிட்டாள். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தவிக்கிறேன். நாம் கைக்குழந்தை கேட்டோம், அவர்கள் ஐந்து வயதுப் பெண்ணைக் காட்டுகிறார்கள். ஒரு காது கேட்காது, மிஷின் வைத்திருக்கிறாள், கூப்பிடுவதென்றால் வலது பக்கம் நின்று கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். முன்பல் விழுந்திருக்கிறது. படத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள், பல் இல்லாததை மறைக்கிறாள். நாள் முழுக்க வாயைப் பார்த்து வேலை செய்கிறவளுக்கு அது தெரியாதா? பிறப்போமா வேண்டாமா என்கிற கட்டத்தை எல்லாம் அவள் நாம் இல்லாமலே தாண்டிவிட்டாள். நமக்குப் பயப்பட அதில் ஒன்றும் மிச்சமில்லை.

நம் பழைய முகவரியை உங்களுக்கே விட்டுவிட்டேன். எனக்குப் புதிதாக ஒன்று தொடங்கி, என் சம்மதத்தை நேற்றே அனுப்பிவிட்டேன். இருபது வருஷத்தில் உங்களைக் கேட்காமல் நான் அனுப்பிய முதல் மெயில் அது. அனுப்பிவிட்டு அழுதேன்.

உங்களுக்கு நான் தேர்ந்தெடுத்திருக்கிற ஆப் லாரி அண்ணன் போனிலும் இருக்கிறது, எப்படிப் போடுவது என்று காட்டுவார். போனிலும் சைட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். சிக்னல் இல்லாத இடத்தில் எழுதி வைத்தாலும் மேட்டுக்கு வந்ததும் தானே போய்விடும். அதனால் சிக்னல் இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். ஆப்தான் மெயிலைத் திறந்தது என்று சொல்ல ஆசைப்பட்டால் அதை மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள், நான் ஒரு கேள்வி கேட்கமாட்டேன். எத்தனை வயதானாலும் அதைப் பேச்சில் எடுக்கமாட்டேன்.

நட்சத்திரத்தைத்தான் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்கிற மனிதர் அழித்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் அழிக்கவில்லை.

உயரத்தில் ஏறி உட்கார்ந்து வேலை செய்கிற உங்களுக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருக்க வேண்டும், நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும். உங்கள் மனதில் என்ன இருக்கிறதோ அதையே அவர்களுக்கு எழுதுங்கள், சம்மதமோ இல்லையோ நான் தாங்கிக்கொள்வேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுத வரவில்லை. தாங்கமாட்டேன். சம்மதம் என்றே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி