ஐரிஸுக்குப் பக்கத்தில் என்ன நடுவது

குரேஸ்
4 செப்டம்பர் 1984

அன்புள்ள மாமாவுக்கு, சலாம்.

பஸ் டிரைவரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய ஐரிஸ் பூக் கிழங்குகள் வந்து சேர்ந்தன. பிள்ளையின் மண்மேட்டில் நட்டுவிட்டேன். நம் ஊர்க் கல்லறைகளில் ஐரிஸ் கூட்டமாக நிற்கும். இங்கே பார்க்க ஆளில்லாததுபோலத் தனியாகக் கிடக்கின்றன. பக்கத்தில் என்ன நடலாம்? “புதினாவ வையி, தானாப் பரவும்” என்கிறார் என் மாமியார்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். தொட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

உங்கள்
ராஃபியா

நிஷாத், ஸ்ரீநகர்
15 செப்டம்பர்

என் தங்கை பெற்ற அருமை மருமகளே,

அரசாங்கத் தோட்டங்களின் முன்னாள் பேரரசரும், இந்நாள் ஓய்வூதியக்காரருமான சனாவுல்லா மாமா பிறப்பிக்கும் ஆணை: புதினா கூடாது! இங்கே ஒரு கொத்து நட்டேன். மறுநாள் காலை அது தால் ஏரியை நீந்திக் கடந்து அக்கரையில் டீக்கடை போட்டிருந்தது. உன் மாமியாரிடம் சொல்.

ஐரிஸ் மகாராணி. மண்ணுக்கு மேலே முதுகு தெரியப் படுத்து வெயில் காய்வாள். நிழல் விழுந்தால் ஏழு வருடம் பேசமாட்டாள். பக்கத்தில் ஒல்லியான, அடக்கமான ஆள்தான் சரி. நம் சின்ன வெங்காயத்தை நடு. ஒற்றைத் தண்டு, உச்சியில் பந்துபோல் பூ. நர்கிஸ் பூக் கிழங்கும் அனுப்புகிறேன். அது முதலில் வந்து பூத்துவிட்டுச் சீக்கிரமே போய்...

வேண்டாம், நர்கிஸ் வேண்டாம். வெங்காயம் போதும்.

நானே வந்திருப்பேன். உன் ஊருக்கு வரும் மலைக் கணவாயில் பஸ் திரும்பும்போது என் உயிர் ஜன்னல் வழியாக இறங்கி, நடந்தே வீடு வந்துவிடும் அபாயம் இருக்கிறது.

உன் மாமா

குரேஸ்
28 அக்டோபர்

அன்புள்ள மாமாவுக்கு,

வெங்காயம் நட்டாயிற்று. “உங்க மாமா என்ன, குழம்புக்கா அனுப்பினாரு?” என்று மாமியார் கேட்டார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மலை உச்சி வெளுத்துவிட்டது. ஐரிஸ்மேல் எரு பரப்பி, வைக்கோல் மூடி, பிள்ளைக்கென்று தைத்த கம்பளியையும் போட்டு, ஓரங்களில் கல் வைத்துவிட்டேன். இனிக் குளிராது. பனி விழுந்து கணவாய் மூடப்போகிறது. அடுத்த கடிதம் மே மாதத்தில்தான்.

ராஃபியா

நிஷாத்
6 நவம்பர்

ராஃபியா,

அதை எடுத்துவிடு. எரு, வைக்கோல், கம்பளி, எல்லாவற்றையும். ஐரிஸ் குளிரில் சாகாது. மூடினால்தான் அழுகும். பனி அதன்மேலேயே விழட்டும். வெற்று முதுகோடு கிடந்தால்தான் பிழைக்கும்.

இதை எப்படி எழுதுவது என்று பல தாள்களைக் கிழித்தேன். வேடிக்கையாக ஏதாவது சேர்க்கப் பார்த்தேன். வரவில்லை.

லாரிக்காரனிடம் கொடுக்கிறேன். “கணவாய் இன்னைக்கே மூடுதாம் பெரியவரே, பாப்போம்” என்கிறான்.

மாமா

குரேஸ்
19 மே 1985

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நவம்பர் கடிதம் இன்று முதல் பஸ்ஸில் வந்தது. படித்துவிட்டுப் போய்க் கம்பளியை எடுத்தேன். கிழங்குகள் கூழாகிவிட்டன. வெங்காயம் மட்டும் முளைத்திருக்கிறது. கையில் நாற்றம் அடித்தது. கழுவினேன். மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நானா இருந்தாலும் போத்தித்தான்டி இருப்பேன்” என்றார்.

கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் நான் எடுத்திருக்கமாட்டேன். அது உங்களுக்குத் தெரியவேண்டும்.

செப்டம்பரில் புதுக் கிழங்கு நடவேண்டும். டிரைவரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுவாருங்கள். நீங்களே நட்டு, மூடாமல் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்துவிடுங்கள்.

ராஃபியா