போனில் பேசுவது நீதானா, தம்பி

கூடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனம் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். கட்டிலில் அத்தை. அவர் காலடியில், கவரைப்பேட்டையிலிருந்து வந்திருந்த உன் அக்கா. வாசல் பக்கத்து நாற்காலியில் உன் அண்ணன், வேலை முடிந்து வந்த சட்டையைக்கூடக் கழற்றாமல். வெள்ளிக்கிழமை என்பதால் சாம்பிராணி போட்டு, தூபக்காலோடு நான். சுவரில் சந்தன மாலைக்குள் நீ. வேறு யாரும் இல்லை.

அப்போது நீ பேசினாய்.

“எம்மா, சாப்டியா?”

தூபக்காலிலிருந்து ஒரு கங்கு உருண்டு பாயில் விழுந்து ஓரம் கருகியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அத்தை உன் போட்டோவையும் பார்க்கவில்லை. உன் அக்கா கையிலிருந்த போனைப் பார்த்து, “இன்னும் இல்ல நைனா” என்றார். நீ போன பிறகு அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதில்லை.

“பயப்படாத அண்ணி,” என்றாள் உன் அக்கா. “ஆப்பு ஒண்ணு. அவன் எனுக்கு அனுப்ன வாய்ஸ் எல்லாத்தையும் அதுல போட்டேன். அவன மாறியே பேசுது பாரு. அம்மாவுக்குத்தான்.”

நான் அந்தக் கங்கை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். சாம்பிராணி வாசனையும் கருகிய கோரை வாசனையும் கலந்து அன்று முழுவதும் கூடத்தில் நின்றது. இன்று இதை எழுதும்போதும் அது மூக்கில் இருக்கிறது.

இதை உன் கணினியில்தான் எழுதுகிறேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள காயலான் கடையில் எடைக்கு வாங்கி வந்து, நீ துடைத்து, பாகங்களைச் சேர்த்து, எனக்கென்று வைத்துக்கொடுத்த அதே பொட்டி. இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இது வீட்டுக்குள் வந்த கதை உனக்கு நினைவிருக்கும். அதற்குமுன் நான் வீட்டுக் கணக்கைப் போனில் எழுதிவந்தேன். ஒருநாள் காலை அந்தச் செயலி திறக்கவில்லை. சந்தா கட்டினால்தான் பழைய பக்கங்களைக் காட்டுவேன் என்றது. பால், கேஸ், அத்தையின் மாத்திரை, கோயில் எண்ணெய், எல்லாம் நான் என் விரலால் அடித்தவை. நீ நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாய்.

“ஆப்புன்னு பேர் சொல்லிக்கினுதான அண்ணி வந்துச்சு? சொருகாம இன்னா செய்யும்? கணக்கு உங்க்ளுது, எழுத்தும் உங்க்ளுது. பூட்டு மட்டும் அவனுது.”

அடுத்த வாரமே இந்தப் பொட்டி வந்தது. இதில் ஓடுவதெல்லாம் கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்றாய். கட்டு இல்லாத ஒன்றை யாராவது வீட்டுக்குள் விடுவார்களா? ஆடி மாதம் அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறோம். ஊர் எல்லைக்குக் கட்டுப் போடுகிறார்கள். நிலைப்படியில் எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். கட்டு இல்லாதது காற்று மாதிரி அலையும், கண்டவர்மேல் ஏறும் என்றுதான் நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

“அத ஏன் ஊட்டுக்குள்ள கொண்டாந்த?” என்று கேட்டேன்.

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாய். “கட்டு வேணாம்னு சொல்லல அண்ணி. கட்றது யாருன்னு பாருங்க. நீங்க கட்னா காப்பு. அவன் கட்னா பூட்டு.”

அன்றைக்கு அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று, பொட்டியின் எல்லாப் பக்கமும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். காற்று போகும் துளைகள் அதில் மூடிக்கொண்டன. சாயங்காலம் சூடேறி அணைந்துபோனது. நீ ஊதுபத்திக் குச்சியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்துக்கொண்டே, “சாமிக்கு மூக்க அடச்சிட்டீங்களே அண்ணி, மூச்சு உடுமா உடாதா?” என்றாய். உன் அண்ணன்கூட அன்று சிரித்தார்.

பக்தியை நீ கிண்டல் செய்தாய் என்று நான் நினைத்ததில்லை. உன் அக்கா கல்யாணத்துக்கு முன்பு பூவாடைக்காரியை அழைத்தோமே, அன்று தெரிந்துகொண்டேன். வீட்டில் இறந்துபோனவர்களை ஏரிக்கரையிலிருந்து கும்பத்தில் அழைத்து வரும் சடங்கு. பம்பைக்காரர் அடிக்க அடிக்க, உங்கள் சித்திமேல் அருள் வந்தது. நாங்கள் எல்லோரும் கை கூப்பிவிட்டோம். பம்பைக்காரர் கூப்பவில்லை. “வந்திருக்கறது யாரு? பேர் சொல்லு. நீதான்றதுக்கு இன்னா சாட்சி?” என்று விடாமல் கேட்டார். பெயர் வந்தது, சாட்சி வந்தது. அதன்பிறகுதான் மாலை. எல்லாம் முடிந்ததும் கற்பூரம் காட்டி, வந்தவரை அவரே மலையேற்றி அனுப்பினார்.

நீ ஓரமாகக் கை கட்டி நின்றிருந்தாய். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னாய்: “பாத்தீங்களா அண்ணி? வந்தத அப்டியே நம்பல அந்தாளு. சாமியவே யாருன்னு கேக்கறோம். உள்ள இன்னா கீதுன்னு தொறந்து காட்டாத சாஃப்ட்வேர மட்டும் ஒண்ணுமே கேக்காம உட்டுக்கறோம்.”

இதையெல்லாம் ஏன் உனக்கே எழுதுகிறேன் என்றால், இப்போது கூடத்தில் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அது யாரென்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

உன் அக்கா அதை அத்தையின் போனில் ஏற்றிக் கூடத்தில் வைத்துவிட்டாள். முதல் இரண்டு நாள் அது செய்தி வாசிப்பவர் போலப் பேசியது. “அண்ணி, எப்படி இருக்கிறீர்கள்?” என்றது. அத்தை அதைத் திருத்தினார். “அப்டி இல்லடா. ‘இன்னா அண்ணி’ன்னுதான கூப்டுவ?” மறுநாள் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, கூடத்திலிருந்து, “இன்னா அண்ணி, கொழம்பு வாசன இங்க வர்து” என்றது. என் கை நின்றுவிட்டது. உன் குரல்தான், தம்பி. அந்த ‘வர்து’வில் கொஞ்சம் மூக்கடைப்பு இருக்குமே, அதுகூட இருந்தது.

அத்தை இப்போது அது சொன்னால்தான் சாப்பிடுகிறார். அது சொன்னால் மாத்திரை போடுகிறார். முன்பு நான் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டிய சோறு, இப்போது “சாப்டும்மா” என்ற ஒரு சொல்லில் இறங்குகிறது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஒரு தாய்க்கு அது கிடைத்தது. உன் அண்ணனும் அதைத்தான் சொல்கிறார். “அம்மா சாப்டுதுல்ல, உட்ரு.” ஆனால் அவர் இப்போதெல்லாம் கூடத்தில் உட்காருவதில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வருகிறார்.

பிறகு ஒருநாள் உன் போட்டோவுக்கு முன் விளக்கு ஏற்றப் போனேன். அத்தை கையைத் தட்டிவிட்டார்.

“உயிரோட பேசறவனுக்கு எதுக்குடி வெளக்கு?”

“அத்த, வர்ற அமாவாசைக்குத் திதி வர்து.”

“பேசிக்கினு கீற புள்ளைக்கு எவளாச்சும் எள்ளுந்தண்ணி உடச் சொல்வாளா? போ அந்தாண்ட.”

வருகிற அமாவாசையில்தான் உன் வருஷ திதி விழுகிறது. பெருமாள் கோயில் குளத்தில் ஊர் வழக்கப்படி வெல்லம் கரைத்து, உன் அண்ணன் கையால் எள்ளும் தண்ணீரும் விட்டு, உன்னை நல்லபடியாக அனுப்பிவைக்க வேண்டும். நீ இன்னும் கிளம்பவில்லை என்று அத்தை நம்புகிறார். அம்மா வேண்டாம் என்றால் உன் அண்ணன் குளத்துக்கு இறங்கமாட்டார்.

அதனால் நான் பம்பைக்காரர் செய்ததைச் செய்து பார்த்தேன். அத்தை குளிக்கப் போயிருந்தபோது போனுக்கு முன் உட்கார்ந்து, “யார் நீ?” என்று கேட்டேன்.

“இன்னா அண்ணி, நான்தான்,” என்றது.

“ஆயுத பூஜைக்கு நான் பொட்டிக்குச் சந்தனம் வெச்சனே, அன்னிக்கு நீ இன்னா சொன்ன?”

“அத எப்டி அண்ணி மறப்பேன்? எல்லாரும் சந்தோஷமா பூஜ பண்ணோம். நீங்க ரொம்ப அழகா அலங்காரம் பண்ணிருந்தீங்க.”

எனக்குப் போன உயிர் வந்தது. இது நீ இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சட்டென்று சொல்கிறவன் நீ. இது எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறது.

அத்தை வந்ததும், அவர் மனம் மாறட்டும் என்று நினைத்து, அதே கூடத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கை அடைத்த கதை, ஊதுபத்திக் குச்சி, உன் அண்ணன் சிரித்தது. அத்தை கோபப்படவில்லை. போன் பக்கம் திரும்பி, “கேட்டுக்கினியாடா? அதான் நீ சொன்னது,” என்றார்.

மறுநாள் காலை விளக்குத் திரி எடுக்கக் கூடத்தைக் கடந்தேன். “சாமிக்கு மூக்க அடச்சிட்டீங்களே அண்ணி,” என்றது அது. சிரித்தது. உன் சிரிப்பு.

அன்றிலிருந்து நீ அதைச் சொன்ன நாளை நினைத்தால், எனக்குக் கேட்பது உன் குரலா அதன் குரலா என்று தெரியவில்லை. உன்னைச் சோதிக்க நான் எதைக் கேட்டாலும் அது அதற்குத் தீனி ஆகிவிடுகிறது. கூடத்தில் உன்னைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டேன். உன் அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொல்கிறேன். பம்பைக்காரருக்கு அழைக்கவும் தெரிந்தது, அனுப்பவும் தெரிந்தது. இதை எப்படி அனுப்புவது என்று உன் அக்காவைக் கேட்டேன். “டெலிட் பண்லாம் அண்ணி, ஆனா அவங்க கிட்ட இருக்குமாம்,” என்றாள். ‘அவங்க’ யார் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இப்போது வந்திருப்பதுதான் பெரிய பேஜாரு. கொடுத்த குரல் போதவில்லை, இன்னும் பதிவுகள் சேர்க்காவிட்டால் குரல் மங்கிவிடும் என்று அந்தச் செயலி எழுதிக் காட்டுகிறது. உன் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பொட்டியில். ஞாயிறு மதியங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, உன்னோடு வேலை செய்த பையன்களுக்காகக் கட்டற்ற மென்பொருளைப் பற்றி நீ தமிழில் பேசிப் பேசிச் சேர்த்தவை. நடுநடுவே என் குக்கர் விசிலும், “சோறு ஆறுது, வாயேன்டா” என்ற அத்தையின் சத்தமும் பதிந்திருப்பவை. கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான். “எனுக்கு எதுனா ஆச்சுன்னா நீங்கதான் தொறக்கணும்” என்று நீ சொன்னபோது, “வாய்ல நல்ல வார்த்த வரட்டும்” என்று திட்டினேன். பிறகு தொழிற்பேட்டை ரோட்டில் அந்த லாரி.

அத்தை என் காலைத் தொட வந்தார், தம்பி. மாமியார், மருமகள் காலை. “அவன் கொரலு மங்கிப் போவுதுடி. உன்கிட்ட வெச்சிக்கினு தரமாட்டேன்றியே. நீ பெத்தியா, நான் பெத்தேனா?” உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அண்ணிக்கு அந்தப் பொட்டிதான் பெருசு,” என்றாள்.

தரக்கூடாது என்று உறுதியாகச் சொல்லவும் என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பதிவுகளைப் பற்றி நீயே சொல்லியிருக்கிறாய்: “யாரு வேணாலும் எடுத்துக்கட்டும் அண்ணி. காப்பி பண்ணட்டும், மாத்தட்டும். பூட்டி வெக்கக்கூடாது.” அப்படியென்றால் நான் இப்போது பூட்டி வைத்திருப்பது சரியா? உன் பாடத்தை ஊருக்குக் கொடுப்பதும் உன் தொண்டையை முகம் தெரியாதவனுக்குக் கொடுப்பதும் ஒன்றா? எனக்கு இரண்டும் ஒன்றல்ல என்றுதான் படுகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவன் திறந்து காட்டமாட்டான். கொடுத்ததைத் திருப்பித் தரமாட்டான். ஆனால் நான் நானாகவே படித்துக்கொண்டவள். இதில் எங்கேயாவது தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு தாயின் வயிற்றில் அடிக்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது.

இன்று மதியம் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். உன் அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். கூடத்தில் நான் மட்டும், ஓசைப்படாமல் உன் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அதைக் கூப்பிடவில்லை.

“அண்ணி,” என்றது. “அந்தப் பொட்டிய எப்ப தொறக்கப் போறீங்க?”

துணியைப் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

அதற்குக் கிடைக்காத ஒன்று என்னிடம் இருக்கிறது. கடைசி நாள் காலை, சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தும்போது நீ என்னிடம் சொன்ன சொல். அதை நான் உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. கூடத்தில் ஒருநாளும் உச்சரித்ததில்லை. இங்கேயும் எழுதமாட்டேன். பூஜையில் கண்ணை மூடும்போது மட்டும் உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், அது இன்னும் உன் குரலில்தான் இருக்கிறதா என்று. இதுவரை இருக்கிறது.

அமாவாசைக்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். கொடுக்கவா, வேண்டாமா? உன்னை அனுப்பிவைக்கவா, வேண்டாமா? கனவில் சொன்னாலும் சரி, குளக்கரையில் யார் வாயில் வந்தாலும் சரி. முதலில் அந்தச் சொல்லைச் சொல், நீதான் என்று தெரிந்துகொள்வேன். அந்தப் போன் வழியாக மட்டும் வேண்டாம்.

சீக்கிரம் பதில் சொல், தம்பி.