விமானம் மாற எண்பது நிமிடம்

ஏப்ரல் 20, ஞாயிறு

எண்பது நிமிடம். சிங்கப்பூரில் இறங்கி, ஆக்லாந்து விமானத்தைப் பிடிக்க எங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். டிராவல்ஸ்காரருக்கு இன்று மூன்றாவது தடவை போன் செய்தேன். "மேடம், ஒரே டிக்கெட்டு. பெட்டியெல்லாம் அவங்களே மாத்திடுவாங்க. நீங்க நாலு பேரும் மாறிட்டா போதும்" என்றார். நாலு பேரும் மாறுவதுதானே கஷ்டம்! சுடருக்குப் பதினைந்து வயது, ஓடிவிடுவாள். மாறனுக்கு ஒன்பது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். இவரை யார் இழுப்பது? ஷூ மாட்டவே பத்து நிமிடம் எடுக்கிற மனுஷர்.

பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் அந்த விமான நிலையத்தின் வரைபடத்தைப் பார்த்து வரைந்துவைத்திருக்கிறேன். எங்கே இறங்குவோம், எங்கே ரயில் மாறணும், கழிவறை எங்கே. கெமிஸ்ட்ரி டீச்சர் புத்தி.

2019இல் அந்தமானுக்கு டிக்கெட் போட்டோம். முதல் நாள் மாமாவுக்கு, இவருடைய அப்பாவுக்கு, நெஞ்சுவலி. ரத்து. வாயு என்றார்கள். 2023இல் காஷ்மீர். மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். ரத்து. மூன்றே நாளில் எழுந்து வயலுக்குப் போனார். குறை சொல்லவில்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

மே 4, ஞாயிறு

திருக்காட்டுப்பள்ளி போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தோம். கொழுந்தன் ராஜராஜனும் அவன் மனைவி எழில்மொழியும்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். மாமாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. பேச்சு மட்டும் குறையவில்லை. "அந்த ஊர்ல விவசாயத்துக்கு ஆத்துப் பாசனமா, மழையா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

திரும்பி வரும்போது காரில் இவர், "கால் வீக்கத்தப் பாத்தியா ஜெயா? தள்ளிப் போட்டுடலாமா?" என்றார்.

"போடுங்க. ஆனா இனிமே எந்த ஊருக்கும் என்னக் கூப்பிடாதீங்க" என்றேன்.

தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும், "சரி, போவோம்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மே 14, புதன்

பெட்டி கட்டியாகிவிட்டது. பருப்புப் பொடி எடுத்துப் போனால் அங்கே படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டுமாம். எடுத்து வைத்துவிட்டேன், எழுதிக்கொள்கிறேன். வெளிநாட்டில் பேசும் வசதி என் போனில் மட்டும் போட்டிருக்கிறேன். இவர் தனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

மே 15, வியாழன், திருச்சி விமான நிலையம்

முப்பத்தைந்து நிமிடம் தாமதம். எண்பதில் முப்பத்தைந்து போனால் நாற்பத்தைந்து. இவர் மாறனுக்கு வடை வாங்கித் தந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். "பிடிச்சிடலாம், விடு" என்கிறார்.

அதே நாள், ஆக்லாந்து போகும் விமானத்தில்

மாமா இறந்துவிட்டார். இந்த விமானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இறங்கினதும் ஓடினோம். ஓடிக்கொண்டே போனைப் போட்டேன். ராஜராஜனிடமிருந்து செய்தி: "அப்பா போயிட்டாங்க அண்ணி. ரெண்டு இருபதுக்கு. அண்ணன் போன் போகல. சொல்லுங்க." இவர் ஒரு தோளில் பையும் ஒரு கையில் மாறனுமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் இவர் இவ்வளவு வேகமாக ஓடிப் பார்த்ததில்லை. சொல்ல நேரமே இல்லை. கதவை மூடப் போகிறார்கள், எப்படிச் சொல்வது?

இப்போது பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறார். சிரிக்கிறார். "நாலு பேரும் மாறிட்டோம் பாத்தியா" என்று என் கையைத் தட்டினார். "ராஜராஜன் போன் பண்ணானா?" என்று கேட்டார். சிக்னல் இல்லை என்றேன்.

"என்ன எழுதுற?"

"ஃபிளைட் நேரமெல்லாம் குறிச்சு வைக்கிறேன்."

மாமியாருக்குக் கொள்ளி வைத்தது ராஜராஜன், இளையவன் என்பதால். மாமாவுக்கு மூத்தவர் இவர்தான் வைக்கணும். இன்னும் ஒன்பது மணி நேரம் பறக்கணும். நான் என்ன செய்துவிட்டேன்?

மே 16, வெள்ளி, ஆக்லாந்து

பாஸ்போர்ட் வரிசைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னேன். "இப்பதாங்க செய்தி வந்திருக்கு" என்றேன். அது பொய்.

அழவில்லை. செருப்பை மறந்துவிட்டு வந்தவர் மாதிரி குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் போனில் ராஜராஜனைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், சனிக்கிழமைக்கு வைக்கக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். எப்படிப் பறந்தாலும் இவர் போய்ச் சேருவது சனிக்கிழமை காலை. "நீயே வச்சுடு" என்று தம்பியிடம் சொன்னார். இரண்டே சொல். அதற்குப் பிறகுதான் அழுதார். அங்கே நின்றிருந்த காவலர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மதியம் கிளம்பும் விமானத்தில் ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. இவர் மட்டும் போய்விட்டார். எங்கள் மூவருக்கும் திங்கட்கிழமைதான். தெற்கே ஏரிக்கரை ஊருக்குப் போகும் டிக்கெட்டை விட்டுவிட்டோம். போகும்போது, "பிள்ளைங்களுக்கு ஆட்டுக் கூட்டத்தையாவது காட்டு" என்றார்.

மே 17, சனி

மாறனைப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஆடு காட்டினேன். சாரல் மழை. புல் எங்கே பார்த்தாலும் பச்சை. வாய்க்காலும் இல்லை, மோட்டாரும் இல்லை. மழைதான், மாமா. எல்லாம் மழைதான்.

விடுதிக்கு வந்ததும் சுடர் கேட்டாள்: "அம்மா, உனக்கு எப்பத் தெரியும்?"

ஈரத் துணியை உதறிக் காயப்போட்டேன்.

"சிங்கப்பூர்ல அந்தக் குட்டி ரயில் கிட்ட நீ போனப் பாத்துட்டு நின்னுட்ட. நான் திரும்பிப் பாத்தேன். உன் மூஞ்சியே மாறிடுச்சு."

"ஆமா" என்றேன்.

ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

மே 20, செவ்வாய், திருக்காட்டுப்பள்ளி

வந்து சேர்ந்தோம். இவர் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் பூம்புகார் போய்ச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்களாம். எழில்மொழி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சாயங்காலம் வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாங்கக்கா உங்க கொழுந்தன். எப்படியாவது அண்ணன் வந்துருவாருன்னு."

மே 23, வெள்ளி

இந்த நோட்டில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே எழுதின பொய்.

நேரம் இருந்தது. கதவுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது இன்னும் வரிசை நகரவே இல்லை. பதினோரு நிமிடம் நின்றோம். கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். இவர் என் முன்னால் நின்று கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினால் தோள். வருகிற வழியில் பலகையில் திருச்சிராப்பள்ளி என்று ஒரு வரி ஓடியதையும் பார்த்தேன். அன்று இரவே திரும்பிப் போகிற விமானம். அதில் ஏறியிருந்தால் விடிவதற்குள் அப்பாவின் தலைமாட்டில் இருந்திருப்பார்.

அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன்? மாமாவை நினைக்கவில்லை. அந்தமானை நினைத்தேன். காஷ்மீரை நினைத்தேன். மறுபடியுமா? மறுபடியும் இந்தக் குடும்பம் என்னை வாசலோடு திருப்பி அனுப்புதா? — இதைத்தான் நினைத்தேன். செத்த மனுஷர்மேல கோபப்பட்டேன்.

வரிசையில் நின்றபடியே ராஜராஜனுக்குப் பதில் அடித்தேன். "ஏறிட்டோம் தம்பி. இறங்க முடியாது. எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்."

இன்னும் ஏறவில்லை அப்போது.

மே 30, வெள்ளி

கருமாதி முடிந்தது. பந்தியில் யாரோ கேட்டதற்கு ராஜராஜன், "அண்ணன் ஆகாயத்துல இருந்தாரு. அவரு என்ன பண்ணுவாரு பாவம்" என்றான். இவர் தலையை ஆட்டினார். வரும்போது காரில் என்னிடம், "நீதான் இந்த ட்ரிப்பு வேணும்னேன்னு மனசுல போட்டு வதைச்சுக்காத ஜெயா. உன் தப்பு இல்ல" என்றார். பின் சீட்டில் சுடர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. "டூர் எப்படி டீச்சர்?" — பதினாலு பேர் கேட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சுடர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா எதிரே வந்தால் அறைக்குள் போய்விடுகிறாள். அந்தப் பிள்ளை எதற்காகச் சுமக்கணும்? காலையில் இவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குட்டி ரயில், வரிசை, பதில் செய்தி, நான் நினைத்தது. எதையும் விடவில்லை.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"பதினோரு நிமிஷம்."

சுவிட்சை அணைத்தார். பாதி தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மதியம் வந்தார். சாப்பிட்டார். மாறனிடம், "அம்மாவ மோர் ஊத்தச் சொல்லு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

முப்பதாம் நாள். படையல் போட்டுவிட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மாமாவின் தங்கை தங்கமணி அத்தை திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா ஜெயபாரதி, நீ பதில் போட்டியாமே? போன் வேல செஞ்சுதுன்னா பிளேன் கீழதான நின்னுது? எறங்குறோம்னு சொன்னா விட மாட்டாங்களா?"

சுடர் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறக்கப்போவது தெரிந்தது.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றார் இவர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அங்கயே தெரியும். ஜெயா சொல்லிட்டா. திரும்பிடலாம்னும் சொன்னா. நான்தான், இனிமே போய் என்ன ஆகப் போகுதுன்னு ஏறிட்டேன்."

ராஜராஜன் அண்ணனையே பார்த்தான். "சாயங்காலம் வரைக்கும் மூஞ்சிய மூடாம வச்சிருந்தேண்ணே" என்றான். எழுந்து வெளியே போனான். இவர் பின்னாலேயே போய் வாசலில் அவனிடம் ஏதோ பேசினார். என்னவென்று கேட்கவில்லை. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தங்கமணி அத்தை கிளம்பும்போது இவர் பக்கம் திரும்பவேயில்லை. என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கையை நான் எப்படித் தாங்கினேன்?

ஜூன் 14, சனி

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சுடர் அங்க உக்காந்திருந்தா. அவ வாயால அவ அம்மாவப் பத்தி அது வர வேணாம்."

அவ்வளவுதான். எனக்காகச் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். வருஷா வருஷம் ராஜராஜன்தான் போன் செய்து சொல்வான். இந்த முறை பக்கத்து வயல்காரர் சொல்லித் தெரிந்தது. சுடர் இன்று அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

பொறுக்க முடியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் காலை பஸ்ஸில் திருக்காட்டுப்பள்ளி போனேன். ராஜராஜன் நாற்றங்காலில் விதை தெளித்துக்கொண்டிருந்தான். சேற்றில் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னேன். "தம்பி, அண்ணன் சொன்னது பொய். அவருக்குத் தெரியாது. மறைச்சது நான்தான். ஏறிட்டோம்னு உங்களுக்கு அனுப்புனப்போ நாங்க வெளியிலதான் நின்னோம்."

விதைக் கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வரப்பில் வைத்தான். முகத்தில் கோபமே இல்லை.

"அன்னிக்கு வாசல்லயே சொன்னாரு அண்ணி. 'உங்க அண்ணி வந்து எல்லாத்தையும் தன் மேல போட்டுப்பா, நம்பாத'ன்னு. அதுதான் அவரு எங்கிட்ட கடைசியா பேசுனது."

"இல்ல தம்பி, சத்தியமா—"

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. உங்களுக்குப் பெரிய மனசு. ஆனா அவர என்னால மன்னிக்க முடியாது. நீங்களும் கேக்காதீங்க."

சுடரிடம் கேளுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

எழில்மொழி ஒரு பை நிறைய முருங்கைக்காயும் கீரையும் கட்டிக் கொடுத்தாள். பஸ் வரும்வரை கூடவே நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது இவர் கூடத்தில் இருந்தார். என் புடவை ஓரத்தில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கீரையை ஆய்ந்து மசித்தேன். நான்கு பேரும் சாப்பிட்டோம்.